எல்2-வில் பிறந்த எக்ஸெப்ஷன் யாருக்குப் போக வேண்டும்? நெஸ்டட் விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, எல்2 மறுபடியும் ரீபூட் ஆயிருச்சுங்ணா. இந்தத் தடவ பதினோராவது நிமிஷத்துல."

சரவணம்பட்டியில் எங்கள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இப்படிச் சொல்வதை ஒரு மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் சொந்தமாக ஒரு சின்ன ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்தோம். அதற்குள் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் ஓட வேண்டும், அந்த கேவிஎம்முக்குள் இன்னொரு லினக்ஸ் ஓட வேண்டும். அதுதான் எல்2. உள்ளே இருக்கும் லினக்ஸ் சில நாள் மணிக்கணக்கில் ஓடும், சில நாள் பூட் ஆகும்போதே விழும். லாக்கின் கடைசி வரி மட்டும் மாறாது: ட்ரிபிள் ஃபால்ட், சிபியு மேற்கொண்டு போக முடியாமல் கைவிடும் நிலை.

காரணம் ஒன்றுதான். ஒரு எக்ஸெப்ஷன் (ஓடும் கோடில் பிழை போன்ற ஏதாவது நடக்கும்போது சிபியு எழுப்பும் அறிவிப்பு) யாருக்கு உரியது என்று முடிவு செய்வதற்கு முன்பே எங்கள் கோட் அதைத் தொட்டுவிட்டது. அந்த ஒரு மாதம் உங்களுக்கும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சொந்தமாக ஹைப்பர்வைசர் எழுதுகிறவர்களுக்கும், கேவிஎம் கோடைப் படித்துப் புரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கும் இது உதவும். இன்டெல் சிபியுவின் விர்ச்சுவலைசேஷன் வசதியான விடி-எக்ஸை வைத்துச் சொல்கிறேன், ஏஎம்டி பற்றி கடைசிப் பக்கம் கொஞ்சம் வரும். விஎம் எக்ஸிட் (விர்ச்சுவல் மெஷினிலிருந்து ஹைப்பர்வைசருக்கு வருவது), விஎம் என்ட்ரி (மறுபடி உள்ளே போவது) என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

மூன்று அடுக்கும் ஒரே செக்கிங் டேபிளும்

நிஜ இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹைப்பர்வைசர் எல்0. அது ஓட்டும் விர்ச்சுவல் மெஷினில் இருக்கும் ஹைப்பர்வைசர் எல்1. எல்1 ஓட்டுவது எல்2. எல்1-க்குத் தான் நிஜ சிபியு மேல் ஓடுவதாக நினைப்பு.

சிபியுவுக்கு அடுக்குகள் தெரியாது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்86 வன்பொருளுக்குத் தெரிந்தது ஒரு ஹைப்பர்வைசரும் அது ஓட்டும் ஒரு விருந்தினரும் (கெஸ்ட்) மட்டும்தான். எல்2-வில் எது நடந்தாலும், எக்ஸிட் என்று ஒன்று வந்தால் அது நேரே எல்0-வுக்குத்தான் வரும். அதை எல்1-க்குச் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க மென்பொருளின் பொறுப்பு. ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வகத்தை மையமாகக் கொண்ட குழு 2010-இல் இன்டெல் சிபியுவில் இதை நல்ல வேகத்தில் செய்து காட்டியது. 2011-இல் லினக்ஸ் 3.1 கெர்னலோடு அது கேவிஎம்முக்குள் வந்தது.

என் சித்தி திருப்பூரில் பல வருடம் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவர். கம்பெனி ஆர்டர் எடுத்து, பவர்டேபிள் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும். யூனிட்டில் டெய்லர் தைப்பார். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை இருந்தால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். தையல் விட்டிருந்தால் யூனிட்காரருக்குச் சொல்ல வேண்டும். நூல் பிசிறு என்றால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, டெய்லரே வெட்டிவிடுவார். இரண்டு பேரின் பட்டியல் இருந்தாலும் டேபிள் ஒன்றுதான். சித்தி இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு பீஸைப் பிடிப்பார். பிடித்த பிறகுதான் "இது யார் கேட்டது?" என்ற கேள்வி. கம்பெனி எல்0, யூனிட் எல்1, டெய்லர் எல்2, செக்கிங் டேபிள் சிபியு என்று வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வரும் பாதி விஷயம் தானாகவே விளங்கும்.

படி 1: சோதனைக் களம்

உங்கள் எல்0 கேவிஎம் என்றால், கேவிஎம்_இன்டெல் மாட்யூலின் நெஸ்டட் என்ற பாராமீட்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் 4.20 முதல் இன்டெல்லில் அது இயல்பாகவே ஆன். விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கும் கீமுவில் சிபியு வகையை ஹோஸ்ட் என்று கொடுங்கள். பிறகு எல்1-க்குள் போய் சிபியு விவரங்களில் விஎம்எக்ஸ் என்ற ஃப்ளாக் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

படி 2: இரண்டு பட்டியலையும் சேர்ப்பது

விஎம்சிஎஸ் என்பது ஒரு விருந்தினரை எப்படி ஓட்டுவது, எதற்கெல்லாம் எக்ஸிட் ஆவது என்று சிபியுவுக்குச் சொல்லும் கட்டமைப்பு. அது மூன்று இருக்கும். எல்0, எல்1-ஐ ஓட்டுவதற்கு வைத்திருப்பது விஎம்சிஎஸ்01. எல்1, எல்2-வை ஓட்டுவதாக நினைத்து நிரப்புவது விஎம்சிஎஸ்12, இது வெறும் மெமரியில் இருக்கும் ஒரு தாள். நிஜத்தில் எல்2-வை ஓட்டும்போது சிபியுவில் ஏற்றுவது விஎம்சிஎஸ்02, அதை எல்0 தயாரிக்கிறது.

விஎம்சிஎஸ்ஸில் உள்ள எக்ஸெப்ஷன் பிட்மேப் 32 பிட் கொண்டது, ஒவ்வொரு வெக்டருக்கும் (எக்ஸெப்ஷனின் எண்) ஒரு பிட். 6 என்றால் தவறான இன்ஸ்ட்ரக்ஷன், 13 ஜெனரல் புரொடெக்ஷன் (தடைசெய்த செயல்), 14 பேஜ் ஃபால்ட் (மெமரிப் பக்கம் இல்லை அல்லது அதற்கு அனுமதி இல்லை). பிட் 1 என்றால் அந்த எக்ஸெப்ஷன் வந்ததும் எக்ஸிட், 0 என்றால் எல்2-வின் ஐடிடி (எந்த எக்ஸெப்ஷனுக்கு எந்த ஹேண்ட்லர் என்ற அட்டவணை) வழியாக எல்2-வுக்கே போய்ச் சேரும், நமக்குத் தெரியவே தெரியாது. விஎம்சிஎஸ்02-இன் பிட்மேப் என்பது எல்0 கேட்பதும் விஎம்சிஎஸ்12-இல் எல்1 கேட்பதும் ஆர் செய்யப்பட்டது, அதாவது இரண்டில் ஒன்றில் 1 இருந்தாலும் 1. எல்1 தன் பிட்மேப்பை மாற்றிவிட்டு மறுபடி எல்2-வுக்குள் நுழையும்போது இதைத் திரும்பக் கணக்கிட மறக்காதீர்கள்.

பேஜ் ஃபால்ட் மட்டும் தனிக் கதை. பிட் 14-உடன் மாஸ்க், மேட்ச் என்று இரண்டு ஃபீல்டுகள் உண்டு. எரர் கோடை மாஸ்க்குடன் ஆண்ட் செய்து, விடை மேட்ச்சுக்குச் சமமாக இருந்தால் பிட் 14 சொல்வதே நடக்கும், சமமாக இல்லாவிட்டால் அதற்கு நேர்மாறு நடக்கும். உதாரணம் பார்ப்போம். பிட் 14 ஆன், மாஸ்க் 1, மேட்ச் 1. இல்லாத பக்கத்தில் எழுதப் போனதால் வந்த ஃபால்ட்டின் எரர் கோடு 2. 2-ஐயும் 1-ஐயும் ஆண்ட் செய்தால் 0, மேட்ச்சுக்குச் சமமில்லை, ஆகவே தலைகீழ், எக்ஸிட் இல்லை. இருக்கும் பக்கத்தில் அனுமதியின்றி எழுதினால் எரர் கோடு 3. ஆண்ட் செய்தால் 1, சமம், எக்ஸிட் வரும்.

எல்0 இபிடி (விருந்தினரின் முகவரியை நிஜ மெமரி முகவரியாக வன்பொருளே மாற்றும் வசதி) பயன்படுத்தினால் பேஜ் ஃபால்ட் அதற்குப் பொதுவாகத் தேவையில்லை, எல்1 கொடுத்த மாஸ்க், மேட்ச்சை அப்படியே விஎம்சிஎஸ்02-இல் எழுதிவிடலாம். எல்0-வே ஷேடோ பேஜிங்கில் (இபிடி இல்லாமல் ஹைப்பர்வைசரே தனிப் பேஜ் டேபிள் வைத்துப் பராமரிப்பது) இருந்தால் எல்லா பேஜ் ஃபால்ட்டும் வேண்டும். அப்போது இரண்டையும் 0 ஆக்கி, பிட் 14-ஐ ஆன் செய்யுங்கள். எல்1 இதைக் கேட்டதா என்ற கணக்கை எக்ஸிட்டுக்குப் பிறகு கையால் போட வேண்டும்.

படி 3: எக்ஸிட் வந்ததும் படிப்பது

எக்ஸெப்ஷனால் வந்த எக்ஸிட்டின் காரண எண் 0. அதே எண்தான் என்எம்ஐக்கும் (வழக்கமான முறையில் தடுக்க முடியாத இன்டரப்ட்). வேறுபாடு இன்டரப்ஷன் இன்ஃபர்மேஷன் ஃபீல்டில் இருக்கிறது. இதை ஒருமுறை கையால் பிரித்துப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

ட்ரேஸில் 80000306 என்று வருகிறது. இது பதினாறடிமான எண். கடைசி இரண்டு இலக்கம் 06 வெக்டர். அதற்கு முந்தைய 3 வகை: வன்பொருள் எக்ஸெப்ஷன். முன்னால் இருக்கும் 8, 31-ஆம் பிட் ஆன், அதாவது தகவல் செல்லுபடியாகும். ஆக, தவறான இன்ஸ்ட்ரக்ஷன், எரர் கோடு கிடையாது. 80000603 என்றால் வகை 6, வெக்டர் 3: பிரேக்பாயின்ட் இன்ஸ்ட்ரக்ஷனால் வந்த மென்பொருள் எக்ஸெப்ஷன். 80000202 என்றால் என்எம்ஐ. பேஜ் ஃபால்ட் 80000பி0இ என்று வரும். அதில் வகை இடத்தில் 3-க்குப் பதில் பி இருப்பது ஏனென்றால், 11-ஆம் பிட்டும் ஆன்: எரர் கோடு இருக்கிறது.

இதோடு எரர் கோடு, எக்ஸிட் குவாலிஃபிகேஷன், இன்ஸ்ட்ரக்ஷன் நீளம், ஐடிடி வெக்டரிங் இன்ஃபர்மேஷன், அதன் எரர் கோடு ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்து ஒரு ஸ்ட்ரக்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது எதையும் மாற்றாதீர்கள். இந்த இடத்தில்தான் எங்கள் கை நீண்டுபோனது, அதைப் படி 5-இல் சொல்கிறேன்.

படி 4: யாருக்கு?

என்எம்ஐயும் மெஷின் செக்கும் (வன்பொருள் பிழை அறிவிப்பு) நிஜ இயந்திரத்தில் நடப்பவை. எல்1 கேட்டிருந்தாலும் முதல் உரிமை எல்0-வுக்கு. நீங்கள் எல்0-விலிருந்து ஜிடிபி என்ற டீபக்கரைப் போட்டு விருந்தினரை டீபக் செய்துகொண்டிருந்தால், அதற்காக வந்த டீபக் எக்ஸெப்ஷனும் பிரேக்பாயின்ட்டும் எல்0-வுக்கு. ஷேடோ பேஜிங் காரணமாக எல்0 பிடித்த பேஜ் ஃபால்ட்டையும் முதலில் எல்0 பார்க்க வேண்டும்.

இதில் எதுவும் இல்லை என்றால் விஎம்சிஎஸ்12-இன் பிட்மேப்பைப் பாருங்கள். விஎம்சிஎஸ்02-இன் பிட்மேப்பை அல்ல! அது சேர்த்துவைத்த பட்டியல், யார் கேட்டது என்று அது சொல்லாது. வெக்டர் 14 என்றால் மாஸ்க், மேட்ச் கணக்கையும் விஎம்சிஎஸ்12-இன் மதிப்புகளை வைத்துப் போடுங்கள். எல்1 கேட்டிருந்தால் எல்1-க்கு. கேட்கவில்லை என்றால், எல்0 தன் காரணத்துக்காகத்தான் பிடித்திருக்கிறது. தன் வேலையை முடித்துவிட்டு, தேவையானால் எல்2-வுக்கே இன்ஜெக்ட் செய்ய வேண்டும். எல்1 கேட்காத எக்ஸெப்ஷனை எல்1-க்குக் கொடுத்தால், தான் கேட்காத எக்ஸிட்டைப் பார்த்து அது குழம்பி, எல்2-வையே நிறுத்திவிடவும் கூடும்.

இபிடி வயலேஷன் எக்ஸெப்ஷன் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் காரண எண் 48. எல்0, எல்1 இரண்டுமே இபிடி பயன்படுத்தினால், எல்2-வின் சாதாரண பேஜ் ஃபால்ட்டுகள் எக்ஸிட் இல்லாமல் எல்2-வுக்குள்ளேயே முடிந்துவிடும்.

எல்1-க்கு என்று முடிவானால் செய்ய வேண்டியது: விஎம்சிஎஸ்12-இல் காரணம் 0, இன்டரப்ஷன் இன்ஃபர்மேஷன், எரர் கோடு, குவாலிஃபிகேஷன், இன்ஸ்ட்ரக்ஷன் நீளம், ஐடிடி வெக்டரிங் எல்லாம் எழுத வேண்டும். எல்2-வின் ரெஜிஸ்டர் நிலையை அதன் கெஸ்ட் பகுதியில் சேமிக்க வேண்டும். என்ட்ரி இன்டரப்ஷன் ஃபீல்டின் 31-ஆம் பிட்டை அழிக்க வேண்டும், ஏனென்றால் நிஜ சிபியு ஒவ்வொரு எக்ஸிட்டிலும் அதை அழிக்கிறது. மறந்தால், எல்1 அடுத்த முறை நுழையும்போது பழைய எக்ஸெப்ஷன் மறுபடி எல்2-வுக்குள் போய்விடும். கடைசியாக, விஎம்சிஎஸ்12-இன் ஹோஸ்ட் பகுதியிலிருந்து எல்1-இன் நிலையை ஏற்றி, விஎம்சிஎஸ்01-க்கு மாறி ஓட்டுங்கள்.

படி 5: பாதி வழியில் நின்றுபோன எக்ஸெப்ஷன்

ஒரு மாதத்தை விழுங்கியது இந்தப் படிதான்.

ஒரு எக்ஸெப்ஷனை விருந்தினருக்குக் கொண்டுசேர்க்கும்போது சிபியு ஐடிடியைப் படிக்கும், ஸ்டாக்கில் எழுதும். அந்த வேலை நடக்கும்போதே இன்னொரு ஃபால்ட் வரலாம். விர்ச்சுவலைசேஷன் இல்லாத இயந்திரத்தில் இதற்குத் தெளிவான விதி உண்டு. ஜெனரல் புரொடெக்ஷன், ஸ்டாக் ஃபால்ட், வகுத்தல் பிழை போன்றவை ஒரு வகுப்பு. அந்த வகுப்பில் ஒன்றுக்கு மேல் அதே வகுப்பில் இன்னொன்று வந்தால் டபுள் ஃபால்ட். பேஜ் ஃபால்ட்டுக்கு மேல் பேஜ் ஃபால்ட் வந்தாலும், அந்த வகுப்பில் ஒன்று வந்தாலும் டபுள் ஃபால்ட். ஆனால் ஜெனரல் புரொடெக்ஷனுக்கு மேல் பேஜ் ஃபால்ட் வந்தால் டபுள் ஃபால்ட் ஆகாது, இரண்டாவதை முதலில் கவனிப்பார்கள். டபுள் ஃபால்ட்டைக் கொண்டுசேர்க்கும்போதும் ஒன்று வந்தால் ட்ரிபிள் ஃபால்ட், ஆட்டம் முடிந்தது.

ஹைப்பர்வைசர் இருக்கும்போது இந்த விதிக்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது: இரண்டாவது எக்ஸெப்ஷனை ஹைப்பர்வைசர் கேட்டிருக்கிறதா? கேட்டிருந்தால் சேர்க்கை எதுவும் நடக்காது. இரண்டாவதைக் காரணமாகச் சொல்லி எக்ஸிட் வரும், பாதியில் நின்ற முதலாவது ஐடிடி வெக்டரிங் ஃபீல்டில் இருக்கும். இரண்டையும் சேர்த்து டபுள் ஃபால்ட் ஆக்குவதா, இரண்டாவதைச் சரிசெய்துவிட்டு முதலாவதைத் திரும்பக் கொடுப்பதா என்பது ஹைப்பர்வைசரின் முடிவு.

எங்கள் ஹைப்பர்வைசர் அப்போது எல்1-க்கு இபிடி வசதியைக் காட்டவில்லை. ஆகவே எல்1 ஷேடோ பேஜிங்கில் ஓடியது, எல்2-வின் பேஜ் ஃபால்ட் எல்லாவற்றையும் கேட்டது. எல்2-வுக்கு ஒரு நிஜமான பேஜ் ஃபால்ட் போக வேண்டும், எல்1 அதை இன்ஜெக்ட் செய்து உள்ளே அனுப்புகிறது. கொண்டுசேர்க்கும்போது எல்2-வின் கெர்னல் ஸ்டாக் பக்கம் எல்1-இன் ஷேடோ டேபிளில் இன்னும் ஏறவில்லை. இன்னொரு பேஜ் ஃபால்ட். எல்2-வின் பார்வையில் அந்த ஸ்டாக் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை, எல்1 ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

ஆனால் எங்கள் கோட் எக்ஸிட் வந்த உடனே ஐடிடி வெக்டரிங்கைப் பார்த்து, முதல் பேஜ் ஃபால்ட்டை உள் வரிசையில் வைத்தது. பிறகு இரண்டாவதை அதே வரிசையில் சேர்த்தது. வரிசையில் சேர்க்கும் ஃபங்ஷன் பேஜ் ஃபால்ட்டுக்கு மேல் பேஜ் ஃபால்ட்டைப் பார்த்து, கடமையாக டபுள் ஃபால்ட் ஆக்கியது. அதற்கு அப்புறம்தான் "எல்1 கேட்டதா?" என்று பார்த்தோம். எல்1 வெக்டர் 14-ஐக் கேட்டிருந்தது, 8-ஐக் கேட்கவில்லை. சரி, எல்1-க்கு வேண்டாம் போல என்று டபுள் ஃபால்ட்டை எல்2-வுக்கே கொடுத்தோம். அதைக் கொண்டுசேர்க்கும்போது இன்னொரு பக்கம் ஷேடோவில் இல்லை என்றால் ட்ரிபிள் ஃபால்ட். எல்1-இன் ஷேடோ டேபிளில் எந்தப் பக்கம் எப்போது இருக்கும் என்பது நேரத்துக்கு நேரம் மாறும். அதனால்தான் ஒரு நாள் மணிக்கணக்கு, ஒரு நாள் பதினொரு நிமிடம்.

திருத்தம் வரிசை மாற்றம்தான். எக்ஸெப்ஷன் வரிசைக்கு வரும் வாசலிலேயே எல்1 கேட்டதா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அதை எக்ஸெப்ஷனாக வைக்காதீர்கள், "எல்1-க்கு எக்ஸிட் காத்திருக்கிறது" என்று தனி இடத்தில் வையுங்கள். பாதியில் நின்றது அப்படியே விஎம்சிஎஸ்12-இன் ஐடிடி வெக்டரிங் ஃபீல்டுக்குப் போகட்டும். எல்1 கேட்காததற்கு மட்டும் டபுள் ஃபால்ட் விதியைப் பயன்படுத்துங்கள். கேவிஎம்மும் 2022-இல் இதே போல எக்ஸெப்ஷனையும் எக்ஸெப்ஷனால் வரும் எக்ஸிட்டையும் இரண்டு தனி இடங்களாகப் பிரித்தது.

எக்ஸிட்டை எல்0-வே தீர்த்துவிடுகிற சந்தர்ப்பமும் உண்டு, உதாரணமாக எல்0-வின் இபிடியில் பக்கம் இல்லாமல் வந்த எக்ஸிட். அப்போது பாதியில் நின்றதை விஎம்சிஎஸ்02-இன் என்ட்ரி ஃபீல்டில் எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். விட்டுவிட்டால் எல்2-வுக்கு ஒரு எக்ஸெப்ஷன் காணாமல் போகும்.

படி 6: சிஆர்2-ஐத் தொடாதீர்கள்

ஃபால்ட் ஆன முகவரி வழக்கமாக வந்து உட்காரும் ரெஜிஸ்டர் சிஆர்2. ஆனால் பேஜ் ஃபால்ட் எக்ஸிட் ஆகும்போது சிபியு சிஆர்2-ஐ மாற்றுவதில்லை. ஃபால்ட் ஆன முகவரி எக்ஸிட் குவாலிஃபிகேஷனில் மட்டும் இருக்கும். சிஆர்2 விஎம்சிஎஸ்ஸிலும் இல்லை, ஹைப்பர்வைசர்தான் கையால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

முகவரி தெரிந்துவிட்டதே என்று எல்2-வின் சிஆர்2-இல் முன்கூட்டியே எழுதினால் என்ன ஆகும்? எல்2-வுக்கு ஒரு பேஜ் ஃபால்ட் போய்ச் சேர்ந்துவிட்டது, சிஆர்2-இல் அந்த முகவரி. ஹேண்ட்லரின் முதல் வரிகள் ஓடுகின்றன, சிஆர்2-ஐ இன்னும் படிக்கவில்லை. ஹேண்ட்லரின் அடுத்த கோட் பக்கம் எல்1-இன் ஷேடோவில் இல்லை. எல்1-க்குரிய ஒரு பேஜ் ஃபால்ட் வருகிறது. நீங்கள் புது முகவரியை சிஆர்2-இல் எழுதிவிட்டு எல்1-க்கு அனுப்புகிறீர்கள். எல்1 தன் ஷேடோவைச் சரிசெய்து எல்2-வைத் தொடரவிடுகிறது. இப்போது ஹேண்ட்லர் சிஆர்2-ஐப் படித்தால் அதில் இருப்பது வேறு முகவரி. இந்த பக் லாக்கில் உங்கள் பெயரோடு வராது. எல்2-வின் ஏதோ ஒரு ப்ராசஸ் காரணமே இல்லாமல் செத்துக் கிடக்கும்.

டீபக் எக்ஸெப்ஷனும் இப்படித்தான். எக்ஸிட் ஆனால் டிஆர்6, டிஆர்7, டீபக் கன்ட்ரோல் ஆகிய டீபக் ரெஜிஸ்டர்கள் எதுவும் மாறாது, விவரம் குவாலிஃபிகேஷனில் வரும். ஆகவே முகவரியையும் டிஆர்6 பிட்டுகளையும் எக்ஸெப்ஷனோடு ஒட்டிய சுமையாக வைத்திருங்கள். எல்2-வுக்குத்தான் என்று உறுதியாகி, இன்ஜெக்ட் செய்யும் கணத்தில் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். எல்1-க்கு என்றால் குவாலிஃபிகேஷனில் எழுதுங்கள். லினக்ஸ் 4.20-இல் கேவிஎம் எக்ஸெப்ஷன் பேலோட் என்ற வசதியைச் சேர்த்ததும் இதற்காகத்தான். லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை வேறு இயந்திரத்துக்கு மாற்றுவது) நடுவில் நடந்தாலும் இந்தச் சுமை கூடவே போக வேண்டும்.

படி 7: எல்2-வுக்குள் அனுப்புவது

என்ட்ரி இன்டரப்ஷன் ஃபீல்டின் வடிவம் படி 3-இல் பார்த்ததே. எரர் கோடு பிட்டில் கவனம் தேவை. ப்ரொடெக்டட் மோடில் 8, 10 முதல் 14 வரை, 17 ஆகிய வெக்டர்களுக்கு வன்பொருள் எக்ஸெப்ஷனாக அனுப்பும்போது அந்த பிட் இருக்க வேண்டும். ரியல் மோடில் எதற்கும் இருக்கக் கூடாது. தவறினால் விஎம் என்ட்ரியே தோற்கும். எல்2 பூட் ஆகும் ஆரம்பத்தில் ரியல் மோடில் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

மென்பொருள் எக்ஸெப்ஷனுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் நீளத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்ட்லர் திரும்பி வரும் இடம் தவறாகும்.

எல்1 தானே இன்ஜெக்ட் செய்து அனுப்பும் எக்ஸெப்ஷனுக்கு எல்1-இன் பிட்மேப் பொருந்தாது. 14-ஐக் கேட்டிருக்கும் எல்1, எல்2-வுக்கு 14-ஐ அனுப்பினால் அது எல்2-வுக்குத்தான் போக வேண்டும். மறுபடி பிட்மேப்பைப் பார்த்து எல்1-க்கே திருப்பினால் இரண்டும் முடிவில்லாமல் பந்தாடிக்கொண்டிருக்கும்.

என்எம்ஐ ஹேண்ட்லரிலிருந்து திரும்பும் ஐரெட் இன்ஸ்ட்ரக்ஷனிலேயே ஃபால்ட் வந்தால், இன்டரப்ஷன் இன்ஃபர்மேஷனின் 12-ஆம் பிட் ஆன் ஆகியிருக்கும். அந்த ஃபால்ட்டை எல்0 தீர்த்துவிட்டு ஐரெட்டை மறுபடி ஓட்டுவதென்றால், என்எம்ஐ தடையைத் திரும்பப் போட வேண்டும். டபுள் ஃபால்ட்டுக்கு இது பொருந்தாது.

ஏஎம்டியில்

தத்துவம் ஒன்று, பெயர்கள் வேறு. விஎம்சிஎஸ்ஸுக்குப் பதில் விஎம்சிபி. ஒவ்வொரு எக்ஸெப்ஷனுக்கும் தனி எக்ஸிட் எண்: பதினாறடிமானத்தில் 40-உடன் வெக்டரைக் கூட்டினால் வருவது, தவறான இன்ஸ்ட்ரக்ஷனுக்கு 46. பேஜ் ஃபால்ட்டின் எரர் கோடு எக்ஸிட்இன்ஃபோ1-இல், முகவரி எக்ஸிட்இன்ஃபோ2-இல். பாதியில் நின்றது எக்ஸிட்இன்ட்இன்ஃபோவில், இன்ஜெக்ட் செய்வது ஈவன்ட்இன்ஜ் வழியாக. மாஸ்க், மேட்ச் கிடையாது, அந்த வகையில் நிம்மதி.

படி 8: சோதிப்பது

எல்2-வில் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது என்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையதும் பூட் ஆனது. லினக்ஸ் கெர்னல் மூலத்தில் கேவிஎம் செல்ஃப்டெஸ்ட்களில் நெஸ்டட்_எக்ஸெப்ஷன்ஸ்_டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, எல்1 எதைக் கேட்டால் எது எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். கேவிஎம்-யூனிட்-டெஸ்ட்ஸ் தொகுப்பின் விஎம்எக்ஸ் சோதனைகளையும் ஓட்டுங்கள். சொந்த ஹைப்பர்வைசர் என்றால் இவற்றைப் பார்த்து உங்களுக்கேற்ற சோதனைகளை எழுதிக்கொள்ளலாம்.

எல்0 கேவிஎம் என்றால் ட்ரேஸ்-சிஎம்டி என்ற கருவியைக் கொண்டு கேவிஎம்_நெஸ்டட்_விஎம்எக்ஸிட், கேவிஎம்_நெஸ்டட்_விஎம்எக்ஸிட்_இன்ஜெக்ட், கேவிஎம்_இன்ஜ்_எக்ஸெப்ஷன் மூன்றையும் ஆன் செய்யுங்கள். முதலாவது எல்2-விலிருந்து வந்த எக்ஸிட், இரண்டாவது எல்0 எல்1-க்குக் கொடுத்தது, மூன்றாவது விருந்தினருக்கு இன்ஜெக்ட் செய்தது. நாங்கள் எங்கள் ஹைப்பர்வைசரிலும் இதே மூன்று புள்ளிகளை வைத்தோம்.

திருத்திய பிறகு அந்தத் தம்பியும் நானும் ட்ரேஸைத் திறந்து உட்கார்ந்தோம். எல்2-விலிருந்து எக்ஸிட், 80000பி0இ, ஐடிடி வெக்டரிங்கிலும் அதே 80000பி0இ. பழைய கோடில் அடுத்த வரி டபுள் ஃபால்ட்டாக இருந்திருக்கும். இப்போது அடுத்த வரியில் அது எல்1-க்குப் போனது, இரண்டு ஃபீல்டும் அப்படியே. அதற்கடுத்து எல்1 தன் ஷேடோவைச் சரிசெய்து, முதல் பேஜ் ஃபால்ட்டை மறுபடி உள்ளே அனுப்பியது.

"பதினோரு நிமிஷம் தாண்டிருச்சுங்ணா," என்றான். அன்று இரவு எல்2-வை நிறுத்தாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.